கணித மேதை போட்ட பணக் கணக்கு



நம்ம தரமணியில ராமானுஜன் பெயரில் ஒரு ஐ.டி. பூங்கா இருக்கு. கணித அறிவியல் நிறுவனமும் இங்கேதான் இருக்கு. சீனிவாச ராமானுஜன் போட்ட பெரிய கணக்கெல்லாம் நமக்கு இப்போ புரியாது. ஆனா அவர் போட்ட பணக் கணக்கு நமக்கு நல்லாவே புரியும்.

ராமானுஜன் 22.12.1887 அன்று ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். ஏழைக் குடும்பம். கல்லூரியில் ராமானுஜனுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனா கணக்கையே படிச்சிட்டு மற்ற பாடத்தை விட்டதால் அது நின்னு போச்சு. அப்போ காகிதம் விலை அதிகம். அதனால சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழிச்சிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதுவார்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 17.3.1914 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜில் படிக்க அவருக்குக் கிடைத்த பணம் எவ்வளவு தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டை கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்குத் தர ஏற்பாடு ஆனது. அப்போ ஒரு பவுண்டு 15 ரூபாய். 50 பவுண்டு என்றால் 750 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தா 62 ரூபாய்க்கு மேல! அவர் வாங்கின குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. மீதி 200 பவுண்டோடு டிரினிட்டி கல்லூரி கொடுத்த 60 பவுண்டும் சேர்ந்தது. எளிமையா வாழ்ந்ததால் அதிலும் மிச்சம் பிடித்தார்.

ஆனா ஒன்று சொல்லணும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. ராமானுஜன் சைவம், தானே சமைப்பார். போர்க் காலத்தில் நம்ம ஊர்க் காய்கறிக்கு எங்க போவது? நேரத்துக்குச் சாப்பிடாமல், ராத்திரி பகல் பார்க்காமல் கணக்குப் போட்டார். 1917-ல் நோயில் விழுந்தார். கையில் பணம் இருந்தும் உடம்பு கெட்டுப் போச்சு.

1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். பல்கலைக்கழகம் மறுபடியும் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. 1919 ஜனவரியில் அதற்குப் பதில் கடிதம் எழுதினார். இவ்வளவு பணம் தனக்குத் தேவையில்லை, செலவு போக 50 பவுண்டை அப்பா அம்மாவுக்குக் கொடுங்கள், மீதியை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நோயாளியாப் படுத்திருந்த நேரத்தில் இதை எழுதினார்! 26.4.1920 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32 தான்.

எட்டாம் வகுப்பில் திறன் தேர்வு எழுதி ஜெயித்தவர்களுக்கு இப்போ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் வருது. நாளைக்கு நம்மில் யாராவது வெளிநாட்டுக்கும் படிக்கப் போகலாம். பணம் கையில் வந்ததும் ராமானுஜனை நினைத்துக்கோங்க. வீட்டுக்கு ஒரு பங்கு, படிப்புக்கு ஒரு பங்கு, மிச்சம் இருந்தா இல்லாதவர்களுக்கு ஒரு பங்கு. ஆனா சாப்பாட்டில் மட்டும் கழித்தல் கணக்குப் போடாதீங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி