தியேட்டரில் சிரிப்பு, சிறையில் என்.எஸ்.கே.!

1944-ம் வருஷம் தீபாவளி. சென்னை பிராட்வே தியேட்டரில் "ஹரிதாஸ்" ரிலீஸ். எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட்டு, என்.எஸ்.கிருஷ்ணன் - டி.ஏ.மதுரம் ஜோடியின் சிரிப்பு. கேட்கவா வேண்டும்? கூட்டம் நெட்டித் தள்ளியது.

அடுத்த தீபாவளி வந்தது. அதே தியேட்டர், அதே படம். அதற்கும் அடுத்த தீபாவளி. அப்போதும் "ஹரிதாஸ்"தான்!

ஆனால் இரண்டாவது தீபாவளிக்கும் மூன்றாவது தீபாவளிக்கும் பாகவதர் எங்கே இருந்தார்? என்.எஸ்.கே. எங்கே இருந்தார்? இரண்டு பேருமே கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, சிறையில் கம்பி எண்ணிக் கொண்டிருந்தார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போன ஜனங்களுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

நாடகக் கொட்டகை

என்.எஸ்.கே. பிறந்தது நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரி. 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி. அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வீட்டில் வறுமை. படிப்பு நாலாவதோடு சரி. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கப் போனவர் மேடையைப் பார்த்தார். மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டது. டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் சேர்ந்து நடிகர் ஆனார். 1936-ல் வந்த "சதிலீலாவதி" அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. எம்.ஜி.ஆருக்கு முதல் படமும் அதுதான்.

அதே வருஷம் "வசந்தசேனா" படத்துக்காகப் பூனா போனார்கள். அங்கேதான் மதுரத்தைக் கைப்பிடித்தார். அதற்கப்புறம் ஜோடி என்றால் இந்த ஜோடிதான். கதாநாயகன் - கதாநாயகி பேர்கூட மறந்து போகும், இவர்கள் இரண்டு பேர் அடித்த கூத்து மறக்காது. தனக்கென்று ஒரு கோஷ்டி வைத்துக்கொண்டு, சிரிப்புக் காட்சிகளைத் தனியாகவே எடுத்துக் கொடுப்பார். அதைச் சேர்த்ததால் பிழைத்த படங்களும் உண்டு.

ரிக்‌ஷாவில் கத்திக்குத்து

"ஹரிதாஸ்" வந்து மூன்று வாரம்கூட சரியாக முடிந்து சில நாள்தான். 1944 நவம்பர் 8-ந் தேதி. நடிகர் நடிகைகளைப் பற்றிக் கண்டபடி எழுதிப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன், வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தார். வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடியும் முன்பே உயிர் போய்விட்டது.

டிசம்பர் மாதம் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது. சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. கோவை பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கூண்டில் நின்றார். அவர் விடுதலை ஆகிவிட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் 1945 மே 3-ந் தேதி ஆயுள் தண்டனை விழுந்தது. ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். அதுவும் தள்ளுபடி. என்.எஸ்.கே.க்கு அப்போது வயது 36.

மதுரம் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. வழக்கு நடத்தக் காசு வேண்டும். கோஷ்டியை நம்பி இருந்தவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, என்.எஸ்.கே. பெயரிலேயே நாடக சபை நடத்தினார். "பைத்தியக்காரன்" நாடகம் போட்டார்கள். அதையே படமாகவும் எடுக்க ஆரம்பித்தார்கள். புருஷன் ஜெயிலில், பெண்டாட்டி அரிதாரம் பூசிக்கொண்டு மேடையில். லேசான காரியமா?

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடியும் விசாரியுங்கள் என்று அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இரண்டு பேரையும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலை செய்தது. தண்டனை விழுந்த நாளிலிருந்து பார்த்தாலே இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

வெளியே வந்த பாகவதர் பழைய உயரத்துக்கு ஏறவே இல்லை. என்.எஸ்.கே. கதை வேறு. பாதியில் நின்ற "பைத்தியக்காரன்" படத்தில் தானும் நடித்து முடித்துக் கொடுத்தார். அந்த 1947-ம் ஆண்டிலேயே திருவல்லிக்கேணியில் ஒரு விழா. நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் கையால் "கலைவாணர்" பட்டம். நேற்று வரைக்கும் கைதி!

ஜெயில் அவர் சிரிப்பைக் கெடுக்கவில்லை. இன்னும் கூர்மையாக்கி அனுப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். 1949-ல் அண்ணா எழுதிய "நல்லதம்பி" வந்தது. மதுவிலக்குப் பிரசாரம்தான், ஆனால் போதனை மாதிரி இருக்காது. அதில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தனார் கோவிலைத் தேடிப் போனார் அல்லவா? இந்தக் கிந்தன் தேடிப் போனது பள்ளிக்கூடத்தை. பாகவதர்கள் மாதிரியே கையை ஆட்டி ஆட்டி அவர் கதை சொல்ல, கொட்டகை குலுங்கியது. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனவன் தீண்டாமையைப் பற்றி யோசித்தான்.

"மணமகள்", "பணம்" படங்களை அவரே டைரக்ட் செய்தார். சம்பாத்தியம் வந்தது. ஆனால் கையில் நிற்கவில்லை. கேட்டவனுக்கும் கொடுத்தார், கேட்காதவனுக்கும் கொடுத்தார். ஒருவன் பொய் சொல்லி வாங்குகிறான் என்று தெரிந்தாலும் கொடுத்துவிடுவார் என்று அந்தக் காலத்து ஆட்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கடன் பட்டும் கொடுத்தார். இதை நல்ல குணம் என்பதா, மதுரத்துக்குச் செய்த கஷ்டம் என்பதா? இரண்டும்தான்.

காஞ்சிபுரம் கூட்டம்

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரில் பேர்போன ஒரு டாக்டர். பிரசாரத்துக்குப் போன என்.எஸ்.கே., மேடை ஏறியதும் அந்த டாக்டரையே புகழ ஆரம்பித்தாராம். கைராசிக்காரர், ஏழைகளிடம் இரக்கம் உள்ளவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். கட்சிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில், இப்படிப்பட்ட நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் யார் பார்ப்பது, அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்பி வையுங்கள் என்று முடித்தாராம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணா ஜெயித்தார்.

அதே வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் என்.எஸ்.கே. கண்ணை மூடினார். வயது 48.

தியாகராய நகர் ஜி.என்.செட்டி ரோட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 பொங்கல் அன்று திறப்பு விழா. அண்ணா அப்போது முதல்-அமைச்சர். புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த உடம்பு. பேச முடியாத நிலையிலும் வந்து சிலையைத் திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். பிப்ரவரி 3-ந் தேதி அவரும் போய்விட்டார்.

மதுரம் 1974 வரை இருந்தார்.