கே.பி.எஸ். மேனன்: யூரேசியாவைக் குதிரையில் போய்ப் படித்த தூதர்

யூரேசியா என்றால் என்ன? ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த ஒரே நிலப்பரப்பு, அவ்ளோதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனா, சர்வதேச அரசியலில் இந்தச் சொல்லுக்கு எடை அதிகம். ரயில் வந்த பிறகு, கடற்படை எட்ட முடியாத யூரேசியாவின் நடுப்பகுதிதான் உலக அரசியலின் அச்சு என்று 1904-ல் வாதிட்டார் பிரிட்டிஷ் புவியியலாளர் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர். அவர் லண்டனில் வரைபடத்தில் காட்டிய பகுதியின் விளிம்பை நேரில் கடந்தவர், ஒரு மலையாளி.

யார் இவர்?

1898-ல் கோட்டயத்தில் பிறந்தவர் கே.பி.எஸ். மேனன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு, பிறகு ஐ.சி.எஸ். பணி. 1929 முதல் 1933 வரை இலங்கையில் இந்திய அரசின் ஏஜென்ட். தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களின் நலனைக் கவனிப்பதே அங்கே அவருடைய முக்கிய வேலை.

ஏன் குதிரைப் பயணம்?

இரண்டாம் உலகப் போரில் பர்மா வழியாகச் சீனா போகும் சாலையை ஜப்பான் அடைத்துவிட்டது. சீனாவில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த மேனன், 1944-ல் வேறொரு பாதையைத் தேர்ந்தெடுத்தார். கில்கிட், காரகோரம் மலைகள், காஷ்கர், உரும்கி வழியாக சுங்கிங் போய்ச் சேர்ந்தார். இந்தியா, சோவியத் யூனியன், சீனா மூன்றும் நெருங்கி நிற்கும் இடம் அது. அந்தப் பயணக் குறிப்புகள் 1947-ல் புத்தகமாகின.

மாஸ்கோவில் 9 ஆண்டுகள்

சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளராக இருந்த பிறகு, 1952-ல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார். 1953 பிப்ரவரி 17 அன்று ஸ்டாலினைச் சந்தித்தார். பேச்சுக்கு நடுவே ஸ்டாலின் காகிதத்தில் ஓநாய்களை வரைந்துகொண்டிருந்ததை அவர் கவனித்தார். 16 நாட்களில் ஸ்டாலின் இறந்துபோனார். 1955-ல் நேரு மாஸ்கோ போனதும், குருஷேவ் இந்தியா வந்ததும் மேனன் தூதராக இருந்தபோதுதான். 1961 வரை அங்கே இருந்தவர், 1982-ல் காலமானார்.

இன்று ஏன் முக்கியம்?

மேனன் போன பாதையில் இன்று நீங்கள் டெல்லியிலிருந்து போக முடியாது. 1947-க்குப் பிறகு கில்கிட் பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மத்திய ஆசியாவுக்கு இந்தியாவின் தரைவழி அத்தோடு அடைபட்டது. ஈரான் வழியாகப் போகும் வடக்கு–தெற்கு போக்குவரத்துப் பாதை, 2019-ல் பேசப்பட்ட சென்னை–விளாடிவோஸ்டாக் கடல்வழி எல்லாமே அந்த இழப்பைச் சுற்றிக்கொண்டு போகும் முயற்சிகள்தான். யூரேசியாவை ஒரே பிராந்தியமாகப் படிக்க வேண்டிய காரணமும் இதுதான்: கில்கிட்டில் ஒரு வழி அடைபட்டால், சென்னைத் துறைமுகம் வரை கணக்கு மாறுது.