தோட்டக் கலைஞர் கிரும்பிகல்

சோலை அமைத்தலும் ஒரு கல்வியே என்பதை நம்மவருள் பலர் உணர்ந்திலர். மண்ணைத் தொடுதல் கற்றவர்க்கு இழுக்கு எனப் பெற்றோர் சிலர் கூறக் கேட்டு யாம் வருந்தியதுண்டு. அன்னோர் பொருட்டுக் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1865-ஆம் ஆண்டு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரையடுத்த ஊரொன்றிற் பிறந்தார். இளமையிலேயே பில்னிட்ஸில் தோட்டத் தொழில் பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, கியூ தாவரத் தோட்டத்தில் உழைத்துப் பன்னாட்டு மரஞ்செடிகளின் இயல்பைக் கற்றார். 1893-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் அவரை வரவழைத்துத் தம் தோட்டங்களை ஒப்புவித்தார். 1908-இல் மைசூர் அரசின் பணியேற்று, 1932 வரை பெங்களூர் லால்பாக்கைப் பேணி வளர்த்தார். ஒருவகை மரம் பூவுதிர்க்குங்கால் மற்றொருவகை மலருமாறு மரங்களைத் தேர்ந்து, அந்நகர வீதிகளில் நடுவித்தார். 1956-இல் பெங்களூரிலேயே மறைந்தார்.

முதலிற் கைத்தொழில், அடுத்துத் தாவர அறிவு, அதன்பின் இடத்தை வகுக்குந் திறன்: இதுவே அவர் ஏறிய படிமுறை. இக்காலத்தோ பள்ளியிற் கணிதம் பயின்று, ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டம் பெற்று, மேலும் ஈராண்டு நிலத்தோற்றக்கலை பயிலல் வேண்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் தில்லியிலும் அதற்கு இடமுண்டு.

வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிக்காட்டிலும் சுற்றூர்களிலும் வாழும் நம் சிறார்க்கு மண்ணும் மரமும் புதியனவல்ல. அவ்விருப்பம் உடையாரைப் பெற்றோர் தடுக்காது படிக்க வைப்பாராக.