கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர்

ஆடிக்காற்று நம்ம ஊருக்குள் நுழையும் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கல்பாத்தியில் 1893ல் பிறந்தவர் கே.ஆர்.ராமநாதன். வெயில் கொளுத்தும் பூமத்திய ரேகைக்கு மேலே, 17 கி.மீ. உயரத்தில் கடுங்குளிர்க் காற்று வளையம் கிடப்பதை 1929ல் எடுத்துச் சொன்னவர். பலூன் அளவுகளை வைத்தே!

1948ல் வானிலைத் துறையில் ஓய்வு. பென்ஷனோடு ஊர் திரும்பியிருக்கலாமுங்க. 55 வயதில், சாராபாயின் பி.ஆர்.எல்.லுக்கு முதல் இயக்குநராக அகமதாபாத் போனார். முப்பதிலேயே செட்டில் ஆயாச்சு என்கிற நம்ம பேட்ச் கவனிக்க! ஓசோன், அயனமண்டல ஆய்வுகள் அங்கே வேர் பிடித்தன.

1963 நவம்பரில் தும்பாவில் முதல் ராக்கெட். அதே மாதம் அமெரிக்காவின் ஐ.எம்.பி.-1 விண்கலமும் கிளம்பிற்று. சூரியக்காற்று பூமியின் காந்தப்புலத்தை வால் மாதிரி நீட்டி இழுப்பது அதன் அளவுகளில்தான் தெளிவாயிற்று. காற்றைத் துரத்தியவருக்கு அப்போது வயது 70.

1966ல் பொறுப்பை சாராபாயிடம் விட்டார். ஆய்வை விடவில்லை. 1984 டிசம்பரில் மறைந்தார்.