பெரியார் செல்வநாயகமும் மலைநாட்டுத் தமிழரும்

பெரியோர் சரிதையைப் படிப்பது அவர்களைத் துதிப்பதற்கு மாத்திரமன்று. எந்த வினாவுக்கு விடை தேடி அவர்கள் தம் ஆயுளைச் செலவிட்டார்களோ, அந்த வினா இன்றும் நம் முன்னே நிற்குமாயின், அவர்கள் கண்ட விடையையும் காணாத விடையையும் சீர்தூக்கிப் பார்ப்பது வாலிபராகிய நமது கடமையாகும். பல இனத்தவர் வாழும் நாடொன்று ஒன்றாய் இருப்பதா, பிரிந்து போவதா என்பதே அவ்வினா. இலங்கையில் இவ்வினாவை நெடுங்காலம் தம் தோளிற் சுமந்தவர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் அவர்கள். தந்தை செல்வா எனத் தமிழ் மக்கள் அன்போடு அழைத்த அப்பெரியாரின் வாழ்வை மஸ்கெலியாவிலிருந்து நோக்கும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குவோர் காணாத சில உண்மைகள் நமக்குத் தென்படுகின்றன.

இந்து வாலிபர் மலரிலே கிறிஸ்தவர் ஒருவரின் சரிதையா எனச் சில அன்பர்கள் கேட்கக்கூடும். காலையில் மிஷன் பாடசாலையில் வேதபாடம் கேட்டு, மாலையில் கோயிலிலே தேவாரம் பாடி வளர்ந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. செல்வநாயகம் அவர்களின் மதத்தைத் தேர்தல் மேடைகளில் எதிரிகள் ஒரு குறையாக எடுத்துக் காட்டியதுண்டு. ஆயினும் பெரும்பாலும் சைவர்களாகிய காங்கேசன்துறைத் தொகுதி மக்கள் 1956 முதல் தேர்தல்தோறும் அவரையே தெரிவு செய்தனர். தம் மதத்தை அவர் மறைக்கவுமில்லை. பிறர் மதத்தை இகழவுமில்லை. இவ்வொன்றே அவரை நம் மலரில் வைத்துப் போற்றப் போதுமான காரணமாகும்.

இளமைப் பருவம்

செல்வநாயகம் அவர்கள் 1898 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் தேதி மலாயா நாட்டின் ஈப்போ நகரிலே பிறந்தார். பிழைப்பை நாடிக் கடல் கடந்த குடும்பத்தின் பிள்ளை அவர். சிறு வயதிலேயே தாயாருடனும் சகோதரருடனும் தெல்லிப்பழைக்கு வந்து, அங்கே யூனியன் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், கொழும்பு பரி. தோமாவின் கல்லூரியிலும் கற்றார். பத்தொன்பது வயதிலேயே லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். சில காலம் ஆசிரியத் தொழில் புரிந்தபின் சட்டம் பயின்று, 1923 இல் நியாயவாதியானார். சிவில் வழக்குகளிலே நிகரற்றவர் எனப் பெயரெடுத்து, அரச நியாயவாதி என்னும் கௌரவமும் பெற்றார்.

மெலிந்த தேகமும், தாழ்ந்த குரலும், மந்தமான செவியும் உடையவர். பிற்காலத்திலே நடுக்குவாதம் அவரை வருத்தியது. நாவன்மையால் மக்களை மயக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை. அவர் சொன்னதையே நாளையும் சொல்வார் என்னும் நம்பிக்கையே மக்களை அவர்பால் ஈர்த்தது.

1948 ஆம் ஆண்டின் சோதனை

1944 இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தோன்றியபோது ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களுக்கு வலக்கரமாய் நின்றவர் செல்வநாயகம். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறையிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். அதே தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் தெரிவாயினர். நமது மஸ்கெலியாத் தொகுதி ஜீ. ஆர். மோத்தா அவர்களை அனுப்பியது. கொழுந்து பறிக்கும் கைகள் வாக்குச் சீட்டைப் பெற்று, தம்மவர் ஒருவரைச் சட்டசபைக்கு அனுப்பிய பெருமிதம் நம் பாட்டன் பாட்டிமார்க்கு வாய்த்த காலம் அது.

அப்பெருமிதம் நீடிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், தேர்தற் சட்டத் திருத்தமும் தொடர்ந்தன. தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிலே பிறந்ததற்குப் பத்திரம் காட்ட வேண்டும் என்றது சட்டம். லயத்திலே பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் ஏது? வாக்காளர் இடாப்பிலிருந்து நம்மவர் பெயர்கள் நீங்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலைநாட்டுத் தோட்டத் தமிழருக்குப் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாமற் போயிற்று.

இவ்வேளையில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் மந்திரி பதவி ஏற்று அரசாங்கத்தோடு சேர்ந்திருந்தார். செல்வநாயகம் அவர்களோ தம் தலைவரையும் கட்சியையும் விட்டு விலகினார். கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் அவரோடு நின்றனர். இவ்விடத்தில் வாலிபர்கள் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். அச்சட்டங்களால் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவரும் வாக்குரிமை இழக்கவில்லை. வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு உயர்ந்த பதவி வந்திருக்கும். இன்று மலைநாட்டாருக்கு நேர்ந்தது நாளை மொழியின் பேரால் தமக்கும் நேரும் என அவர் அன்றே உணர்ந்தார். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியபோது அவ்வுணர்வு மெய்யாயிற்று.

சமஷ்டிக் கொள்கை

1949 டிசம்பர் 18 ஆம் தேதி கொழும்பு மருதானையிலே இலங்கைத் தமிழரசுக் கட்சி உதயமாயிற்று. அதன் கொள்கை பிரிவினையன்று, சமஷ்டி. நாடு ஒன்று, அதன் உள்ளே தமிழர் தம் பகுதிகளைத் தாமே ஆளும் உரிமை. சுவிற்சலாந்திலே ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழி பேசுவோர் ஒரே கொடியின் கீழ் வாழ்வதையும், கனடாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே நாட்டவராய் இருப்பதையும் சமஷ்டிவாதிகள் உதாரணமாகக் காட்டினர். பாரத தேசமும் 1956 இல் மொழிவழி மாநிலங்களை அமைத்துக்கொண்டது. அதனால் அது சிதறிவிடவில்லை.

சமஷ்டி என்பது தமிழர் கண்டுபிடித்த சூழ்ச்சி எனப் பின்னாளிற் சிலர் பழித்தனர். ஆனால் 1926 இலேயே சமஷ்டி இலங்கைக்கு ஏற்றதென எழுதியும் பேசியும் வந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. 1927 இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது சமஷ்டி ஆட்சி கேட்டவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். நாம் வாழும் இம்மலைநாட்டிலிருந்தே அக்கோரிக்கை எழுந்தது. கரையோரச் சிங்களவர் தம்மை விழுங்கிவிடுவர் என அவர்கள் அஞ்சினர். அச்சம் எவ்வினத்தார்க்கும் பொது என்பதற்கு இது சான்றாகும்.

செல்வநாயகம் அவர்களின் கட்சியிலும் குறையில்லாமலில்லை. தமிழரசு என்ற பெயர் தனியரசு எனச் சிங்கள மக்கள் செவியிற் பட்டது. அவ்வச்சத்தைத் தீர்க்கச் சிங்களக் கிராமங்களுக்குச் சென்று, சிங்கள மொழியிலே சமஷ்டியை விளக்கும் முயற்சி போதிய அளவு நடைபெறவில்லை என்பதே நமது எண்ணம்.

இரு உடன்படிக்கைகள்

1956 ஜூன் 5 ஆம் தேதி காலிமுகத் திடலிலே அமைதியாய் அமர்ந்த சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். அவர் அடிக்கு அடி என்று சொல்லவில்லை, பேச்சுவார்த்தைக்குச் சென்றார். 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சமஷ்டிக்குப் பதிலாகப் பிரதேச சபைகளை ஏற்கவும், தமிழைத் தேசிய சிறுபான்மையோரின் மொழியாக ஏற்கவும் அவர் இணங்கினார். பிக்குமாரின் எதிர்ப்பால் 1958 ஏப்பிரல் 9 இல் பிரதமர் அவ்வொப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதத்திலே கலவரம் மூண்டது. தமிழரசுக் கட்சி தடை செய்யப்பட்டு, தலைவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். 1961 இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் நடந்த சத்தியாக்கிரகமும் இராணுவத்தால் முடிவுற்றது.

1965 மார்ச் 24 இல் டட்லி சேனநாயக்காவுடன் மற்றோர் உடன்படிக்கை செய்தார். இம்முறை பிரதேச சபையும் இல்லை. அதனினும் சிறிய மாவட்ட சபையே. 1968 இல் அதுவும் கைவிடப்பட்டது. பாரதக் கதையிலே பாதி இராச்சியம் கேட்ட பாண்டவர் ஐந்து ஊர் கேட்டு, ஐந்து வீடும் கேட்டு இறங்கி வந்ததை நாம் அறிவோம். கேட்பவன் இறங்க இறங்கக் கொடுப்பவன் மனமும் இறங்கவேண்டும். இல்லையேல் தூது முடிந்து குருக்ஷேத்திரம் தொடங்கும்.

இவ்வொப்பந்தங்களிலே மலைநாட்டார்க்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நமக்காகக் கட்சியை விட்டவர் கைச்சாத்திட்ட பத்திரங்களிலே நமது பிரஜாவுரிமை பின்னுக்குப் போயிற்று. 1957 இல் அது பிறகு கவனிக்கப்படும் என விடப்பட்டது; 1965 உடன்படிக்கையில் அதற்கு இடமேயில்லை. இடையில் 1964 அக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என இரு அரசுகள் நம்மைக் கேளாமலே கணக்கிட்டன. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது, தடுக்க முடியவில்லை. ஒப்பாரிக் கோச்சி என நம்மவர் பெயரிட்ட புகைவண்டி தலைமன்னாரை நோக்கிப் பல ஆண்டுகள் ஓடியது. சில வீடுகளிலே அண்ணன் இங்கும் தம்பி அங்குமாயினர். நாடு பிரியுமுன்னே பிரிவினை நம் லயங்களுக்கு வந்துவிட்டது.

பிரிவினைத் தீர்மானம்

1970 ஆம் ஆண்டுத் தேர்தலிலுங்கூடச் செல்வநாயகம் அவர்களின் கட்சி, நாட்டைப் பிரிக்கக் கோருவோர்க்கு வாக்களிக்க வேண்டாமென மக்களைக் கேட்டுக்கொண்டது. பிரிவினை கேட்டு நின்ற வி. நவரத்தினம் ஊர்காவற்றுறையிலே தோல்வியுற்றார். தமிழ் மக்கள் பிரிவினையை விரும்பிப் பிறந்தவர்களல்லர் என்பதற்கு இது போதிய அத்தாட்சி.

1972 மே 22 இல் வந்த குடியரசு யாப்பு அந்நம்பிக்கையைக் குலைத்தது. சிறுபான்மையோரைக் காக்க இருந்த இருபத்தொன்பதாம் பிரிவு நீங்கிற்று. சமஷ்டிப் பிரேரணை தோற்றது. அவ்வாண்டு அக்டோபர் 3 இல் அவர் தம் ஆசனத்தைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கோரினார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை பின்போடப்பட்டது. 16,470 அதிகப்படி வாக்குகளால் வென்றார். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டை மாநாட்டிலே தனித் தமிழீழ அரசு கோரும் தீர்மானம் நிறைவேறியது. ஆயுளெல்லாம் ஒரே நாட்டை வேண்டியவர் தம் எழுபத்தெட்டாம் வயதிலே பிரிவினைக்குத் தலைமை தாங்கினார்.

அத்தீர்மானத்திலேயே ஓர் உண்மை பதிவாகியுள்ளது. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழ்வதால், தனியரசு குறித்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தெரிவித்த தயக்கத்தை அது குறிப்பிடுகிறது. சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் கூட்டணியின் மூன்று தலைவர்களுள் ஒருவராயிருந்தும் அப்பாதையிற் செல்லவில்லை. அவரைக் கோழை என்றனர் சிலர். எல்லைக்கோடு எங்கே போட்டாலும் மஸ்கெலியா அதற்கு வெளியேதான் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். நாடு பிரிந்தால் நாம் ஒரு பக்கம் அந்நியர், மறுபக்கம் அகதிகள்.

செல்வநாயகம் அவர்கள் 1977 ஏப்பிரல் 26 இல் இறைவனடி சேர்ந்தார். அதற்குச் சில மாதங்களுக்குள், மூன்று அங்கத்தவரைக் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். 1977, 1983 கலவரங்களில் அடிபட்ட தோட்ட மக்கள் பலர் வவுனியா, கிளிநொச்சி நோக்கிச் சென்றனர். அங்கேயும் போர் அவர்களைத் தேடி வந்தது. 2009 மே மாதத்தில் அப்போர் முடிந்தபோது பல்லாயிரம் உயிர்கள் மறைந்திருந்தன. நாடற்றவராய் எஞ்சியிருந்த நம்மவர்க்குப் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டம் 2003 இல் வந்தது. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என உயர் நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்தது. செல்வநாயகம் அவர்கள் 1949 இல் சொன்ன பொருளை நீதிமன்றம் ஏற்க அறுபத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

நாம் கொள்ளும் பாடம்

மிஷன் பாடசாலையில் நாம் படித்த கதையொன்று நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கு இரு தாயர் உரிமை கோரினர். பிள்ளையை வெட்டிப் பகிருமாறு சாலொமோன் அரசன் சொல்ல, வெட்ட வேண்டாம் என அழுதவளே மெய்த் தாயெனக் கண்டு பிள்ளையை அவளிடம் கொடுத்தான். நம் நாட்டிலும் வெட்ட வேண்டாம் என்றவர் ஒருவர் இருந்தார். அவரைப் பிள்ளையருகே வராதபடி இருமுறை வெறுங்கையோடு திருப்பியனுப்பினர். பிறகு அவரும் வெட்டுங்கள் என்றார். அந்நாளில் அவர் தவறினாரா என்று கேட்பது எளிது. அவரைத் திருப்பியனுப்பியவர்களையும் அதே கேள்வி கேட்பதே நீதியாகும்.

நமது கருத்தை மறைக்காமற் சொல்லுகிறோம். நாடு பிரியலாகாது. பிரிவினையிலே இம்மலைநாட்டு மக்களுக்கு வீடில்லை. ஆனால் பெரிய இனம் சிறிய இனத்தை அடக்கி வைத்திருப்பதற்கு ஐக்கியம் என்று பெயரிடவும் நம்மால் இயலாது. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாடே நிலைக்கும். அப்பகிர்விலே வடக்கு, கிழக்கு எனும் நிலப்பரப்பு மாத்திரமன்றி, சொந்த நிலமே இல்லாது லயங்களிற் சிதறி வாழும் மக்களுக்கும் பங்கு வேண்டும். பெரியார் செல்வநாயகம் முடிக்காமல் விட்ட பணி இதுவே.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலங்களில், நீரில் ஆழ்ந்த பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த ஆலயமும் அருகருகே வெளிப்படுவதைக் காண்கிறோம். நம் மூதாதையர் அவ்விதம் வாழ்ந்தனர். அவ்வாழ்வை நீதியோடு மீட்பது நமது தலைமுறையின் பொறுப்பு. அதற்கு வேண்டிய பொறுமையையும், பதவிக்காகப் பிறர் உரிமையை விற்காத மனத்திண்மையையும் தந்தை செல்வாவின் வாழ்விலிருந்து கற்போமாக. எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் துணை நிற்பானாக.