வாரண்டு இல்லாமல் ஒட்டுக்கேட்ட துப்பறியும் தலைவர்

அமெரிக்காவில் 8 ஜனாதிபதிகள் வந்தார்கள், போனார்கள். எப்.பி.ஐ. என்ற துப்பறியும் இலாகாவின் தலைவர் மட்டும் மாறவில்லை. அவர்தான் எட்கர் ஹூவர்.

1895-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி வாஷிங்டனில் பிறந்தவர். தகப்பனார் அரசாங்க குமாஸ்தா. ஹூவருக்கு பகலில் நூலகத்தில் வேலை, இரவில் சட்டப்படிப்பு. நூலகத்தில் புத்தகங்களுக்கு கார்டு போடக் கற்றவர், பிறகு மனிதர்களுக்கே கார்டு போட்டார்!

1919-ல் அமெரிக்க நகரங்களில் குண்டு வெடித்தது. புரட்சிக்காரர்களைப் பிடிக்கவேண்டும் என்று பட்டியல் தயாரித்தார். 1924-ல், 29 வயதிலேயே, தலைவர் நாற்காலி கிடைத்தது.

காணாமல் போன வரி

டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்க 1934-ம் ஆண்டு சட்டம் தடை போட்டது. 1940-ல் ஐரோப்பாவில் யுத்தம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரகசிய அனுமதி கொடுத்தார். ஒற்றர்கள் என்று சந்தேகப்படுகிறவர்களை மட்டும் கேட்கலாம்; அதிலும் கூடியவரை வெளிநாட்டுக்காரர்களோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பது நிபந்தனை.

யுத்தம் முடிந்தது. ஒட்டுக்கேட்பது முடியவில்லை. உள்நாட்டுச் சதியைத் தடுக்க என்று புதுக்காரணம் வந்தது. 1946-ல் ஜனாதிபதி ட்ரூமனுக்குப் போன கடிதத்தில் ரூஸ்வெல்ட்டின் உத்தரவு எடுத்து எழுதப்பட்டிருந்தது. வெளிநாட்டுக்காரர் என்ற அந்த வரியை மட்டும் காணோம்! ட்ரூமன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பார்சல்

1963-ல் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் பக்கத்தில் கம்யூனிஸ்டு ஆள் இருப்பதாக ஹூவர் சொன்னார். சட்ட மந்திரி ராபர்ட் கென்னடி அனுமதித்தார். கிங் வீட்டு டெலிபோன் ஒட்டுக்கேட்கப்பட்டது.

கிங் கம்யூனிஸ்டுகளின் கைப்பிடியில் இருந்ததற்கு ஆதாரம் சிக்கவில்லை. அதற்காக விட்டார்களா? இல்லை. ஓட்டல் அறைகளில் மைக் ஒளித்துவைத்து அந்தரங்கத்தைப் பதிவு செய்தார்கள். 1964 நவம்பரில் ஒரு டேப்பும் மொட்டைக் கடிதமும் கிங்குக்குப் போயின. தற்கொலை செய்துகொள் என்று சொல்லாமல் சொன்னது அந்தக் கடிதம். பார்சலைப் பிரித்துப் பார்த்தவர் கிங்கின் மனைவி.

48-வது நாள்

1972 மே 2-ந் தேதி ஹூவர் இறந்தார். வயது 77. தலைவர் பதவியில் மட்டும் ஏறக்குறைய 48 ஆண்டு. அவருடைய அந்தரங்க பைல்களை பெண் செயலாளர் அழித்துவிட்டார்.

சரியாக 48-வது நாள், ஜூன் 19-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. நாட்டுப் பாதுகாப்பு என்று காரணம் காட்டினாலும், உள்நாட்டு ஆட்களை ஒட்டுக்கேட்க நீதிபதியின் வாரண்டு வேண்டும் என்பது தீர்ப்பு.

கிங் சங்கதியை 1975-ல் செனட் கமிட்டி அம்பலப்படுத்தியது. எப்.பி.ஐ. தலைவர் ஒருவருக்கு 10 ஆண்டுதான் பதவி என்று 1976-ல் சட்டமே வந்தது.