பூட்டைத் திறந்த கணக்கு வாத்தியார்

நம்மில் யாருக்குத்தான் அந்த வாசனை மறந்திருக்கும்? லைப்ரரியில் பழைய புத்தகத்தைப் பிரித்ததும் வருமே, அதைத்தான் சொல்கிறேன். மரப் பெட்டியை இழுத்தால் வரிசையாக நிற்கும் ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகள், புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு... இதுவரை எத்தனை முத்திரை விழுந்திருக்குன்னு எண்ணிப் பார்ப்பதே ஒரு சுகம். இந்தச் சின்னச் சின்ன சந்தோஷங்கள் நம் நாட்டு மாணவர்களுக்குக் கிடைக்க அரும்பாடு பட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். வேடிக்கை என்னவென்றால், லைப்ரரி வேலையே வேண்டாம்னு ஓடப் பார்த்தவர் அவர்!

பெயரில் உள்ள 'எஸ்' ஷியாலி, அதாவது நம்ம சீர்காழி. 'ஆர்' அப்பா ராமாமிர்தம். 1892-ல் பிறந்த ரங்கநாதனுக்கு ஆறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கினார். இத்தனைக்கும் அவருக்குத் திக்குவாய். ஆனாலும் வாத்தியார் வேலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக அதற்கே போனார். மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் பதவி அவருக்குக் கிடைத்தது. போய் உட்கார்ந்த சில நாளிலேயே வெறுத்துப் போச்சு. வகுப்பறையில் எப்போதும் மாணவர் சத்தத்தோடு இருந்தவருக்கு, பேச ஆளில்லாத அந்த அறை சிறை மாதிரி இருந்தது. பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று கெஞ்சினார். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வகுப்புக்கே திரும்பிவிடலாம்.

அந்தப் பயணம்தான் ஆளையே மாற்றியது. இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். அங்கே குழந்தைகளும் தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் உரிமையோடு உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டார். நம்ம ஊரிலோ புத்தகம் என்றால் அலமாரியில் வைத்துப் பூட்டிக் காக்க வேண்டிய சொத்து! அந்தப் பூட்டைத் திறப்பதுதான் தன் வேலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே தகடுகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுத்து, நடுவில் முக்காற்புள்ளி வைத்து இணைத்தால் என்ன என்று கணக்கு மூளை யோசித்தது. 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை பிறந்த கதை இதுதான்.

1925-ல் திரும்பி வந்தவர் கணக்கு வகுப்புப் பக்கம் போகவே இல்லை. அடுத்த இருபது வருஷம் அந்த நூலகமே கதி. தன் கல்யாணத்தன்றுகூட மதியம் வேலைக்கு வந்துவிட்டார் என்று சொல்வார்கள். வாசகர்கள் தாங்களே அலமாரிகளுக்கு நடுவில் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்க வழி செய்தார். 1931-ல் வந்த அவருடைய ஐந்து விதிகள் நூலின் சாரம் எளிமையானது: புத்தகம் பூட்டி வைக்க அல்ல, படிக்க, யாருக்கும் அவருக்கான புத்தகம் ஒன்று உண்டு, தேடி வருபவரின் நேரம் வீணாகக் கூடாது. இன்று உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்கள் கிராமம் கிராமமாகப் போனதற்கும் அவர் தொடங்கிய நூலக இயக்கமே தூண்டுகோல்.

சட்டம் இல்லாமல் ஊருக்கு ஊர் நூலகம் வராது என்று சலிக்காமல் எழுதியும் பேசியும் வந்தார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நம்ம ஊர்க் கிளை நூலகத்தில் இலவசமாகப் பேப்பர் படித்தோமே, அதற்கான விதை அங்கேதான் விழுந்தது.

சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த ஒரு லட்சம் ரூபாயை 1950-களிலேயே பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைக்கக் கொடுத்துவிட்டார். அதற்கு மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். 1972-ல் பெங்களூரில் மறைந்தார். ஆகஸ்ட் 12 இன்றும் அவர் நினைவாக நூலகர் தினம்.

வேண்டா வெறுப்பாகக் கிடைத்த வேலையிலும் ஒரு வாழ்நாளுக்கான அர்த்தம் இருக்கலாம் என்று காட்டியவர் அவர். ஒன்றுகூடலுக்குக் குடும்பத்தோடு வரும் நண்பர்களே, மேடை, போட்டோ, சாப்பாடு எல்லாம் இருக்கட்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நம்ம கல்லூரி லைப்ரரிக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள். அலமாரியிலிருந்து அவர்களே ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிக்கட்டும்.